அவதிக்கோணம்

பெரியகல்லாற்றிலிருந்து மூன்றாவது முறைப்பாடு:
பின்னேரம் ஆறரைக்குப் பிறகு படம் உறையுது,
குரல் துண்டு துண்டாய்ப் போகுது.

இரண்டு தரம் பகலில் போயிருந்தேன்.
மீற்றரில் மைனஸ் பத்தொன்பது. நல்ல வெளிச்சம்.
"லைனில பிழை இல்ல மிஸ்" என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு மருதமுனைக்குத் திரும்பினேன்.
லோகவதனி மிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பேனையை மட்டும் கொஞ்சம் அழுத்தினா.

மூன்றாம் தரம் மஃரிப் தொழுதுவிட்டுப் போனேன்.
வாவிப் பக்கத்தால் நுளம்பு புகையாய் எழும்பி வருகிறது.
முன்னறையில் பாடம் தொடங்கியாயிற்று.
திரையில் முப்பது பெட்டி,
பெட்டிக்குள் பெயர்கள்தான், முகம் இல்லை.

"கண்ணாடிக்குள்ள போற ஒளி
அவதிக்கோணத்துக்கு மேல சாஞ்சு பட்டா
வெளிய வராது, முழுக்க உள்ளுக்கே தெறிக்கும்.
அவதி எண்டா இங்க எல்லை, பிள்ளைகள்.
வீட்டில சொல்ற அவதி வேற..."

ஒரு பெட்டி எழுதியது:
மிஸ், எல்லைக்குப் பிறகு ஒண்டும் கேக்கல்ல.

மைனஸ் இருபத்தெட்டு.

அப்போதுதான் கண்டேன்.
பகல் முழுக்கத் திறந்தே கிடந்த ஜன்னல்
இப்போது பூட்டியிருக்கிறது.
வெள்ளை வயர் அதன் பிணைச்சல் வழியேதான் உள்ளே வருகிறது.

"பத்து நிமிசம் பிள்ளைகள்" என்று போனில் சொன்னா.
நான் வயரைக் கழற்றி
சிவப்பு லேசர்ப் பேனையைச் சொருகினேன்.
"லைற்றை நூத்துங்க மிஸ்."

இருட்டில் இரண்டு கங்கு.
ஒன்று மேசைக்குக் கீழ் நுளம்புத்திரி.
மற்றது பிணைச்சல் இடுக்கில்,
புகையில்லாமல்.

ஜன்னலைத் திறந்தா: அணைந்தது.
பூட்டினா: எரிந்தது.
திரும்பத் திறந்தா, திரும்பப் பூட்டினா,
ஆய்வுகூடத்தில் வாசிப்பு எடுக்கிறவ போல.
"பதினொரு வருசமாக் கரும்பலகையில கீறுறன் தம்பி,
கசியிறதை இண்டைக்குத்தான் காணுறன்."

முறிந்திருந்தால் எங்களுக்கு இலகு.
கருவி இத்தனையாம் மீற்றரில் என்று சொல்லிவிடும்,
போய் ஒட்டிவிட்டு வரலாம்.
வளைவு அப்படி இல்லை.
இழை முழுசாய் இருக்கும், ஒளி போய்க்கொண்டும் இருக்கும்.
மடங்கின இடத்தில் மட்டும்
சுவரில் சாய்ந்து பட வேண்டியது நிமிர்ந்து பட்டு
கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே நடந்துவிடும்.

"எவ்வளவு வளைக்கலாம்?"
"ஆரை மூண்டு சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது."
தேத்தண்ணியோடு வைத்திருந்த மாரி பிஸ்கட்டை எடுத்து
அடிமட்டத்தால் அளந்தா.
விட்டம் ஆறும் சொச்சமும்.
"அப்ப இது காணும்."

சுவரில் புதுத் துளை போட்டு
மிச்ச வயரைப் பிஸ்கட்டைச் சுற்றி வளையமாக்கி
கட்டி, உருவியெடுத்து,
அளவுகோலைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றேன்.
ஜன்னல் பூட்டியபடி, மைனஸ் பத்தொன்பது.

படிவத்தில் காரணம் என்று மூன்று கட்டம்:
அறுந்தது. உபகரணக் கோளாறு. வேறு.
'வேறு'வில் புள்ளடி போட்டு
பக்கத்தில் 'ஜன்னல்' என்று எழுதினேன்.
நாளைக்குக் கந்தோரில் சிரிப்பார்கள்.

நீலாவணை தாண்டும்போது கடல்காற்று
ஹெல்மெட்டுக்குள் இரைந்தது.
ஆயிரத்து முந்நூற்றுப் பத்து என்ற அலைநீளத்தில் பார்த்தால்
இப்படியான வளைவு கண்ணிலேயே படாது.
ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பதில்தான்
படிக்கட்டுப்போல் இறங்கிக் காட்டும்.
நீட்டு அலைதான் முதலில் கசிகிறது.

வீட்டில் பஸ்மிலா சோறு போட்டா.
நாலு நாளாய்ப் பேச்சில் ஒரு சுருக்கம்.
"என்னகா?" என்றேன்.
"ஒண்டுமில்ல."

நல்ல தெளிவான குரல். எந்த இரைச்சலும் இல்லை.
பகலில் எடுத்த வாசிப்பு மாதிரி.

கையைக் கழுவிவிட்டு வந்து
கதிரையை அவவின் பக்கம் இழுத்துப் போட்டேன்.
ஜன்னல் எது என்று
இன்னும் தெரியாது.